சிற்றீஸ்: ஸ்கைலைன்ஸில் இங்கினியாகல அணை: ஊரை வெள்ளத்தில் விடாமல் நீர்மின் எடுக்க முழுமையான வழிகாட்டி

ஊர் கட்டும் கணினி விளையாட்டான சிற்றீஸ்: ஸ்கைலைன்ஸில் நீர்மின் அணையைப் போலக் கையைக் கடிக்கும் கட்டடம் வேறு இல்லை. நிலக்கரி ஆலை வைத்தால் 40 மெகாவாட், காற்றாலை வைத்தால் நல்ல காற்றில் 8 மெகாவாட் என்று முன்கூட்டியே தெரியும். அணை அப்படியல்ல. வைக்கும்போது ஓர் எண்ணைக் காட்டும், வைத்த பிறகு நெடுநாள் ஒன்றுமே தராது, கடைசியில் தரத் தொடங்கும் அன்றைக்கே ஆற்றங்கரைத் தெருவை வெள்ளம் கொண்டுபோய்விடும். அதனால்தான் பாதிப் பேர் ஒருமுறை கட்டி, ஊரை இழந்து, பிறகு காற்றாலையோடு நின்றுவிடுகிறார்கள்.

இங்கே சொல்வதெல்லாம் 2015 மார்ச்சில் வந்த முதலாவது பதிப்புக்கு. 2023 ஒக்டோபரில் வந்த இரண்டாவது பதிப்பில் தண்ணீரின் நடத்தை வேறு. இந்த எண்களை அங்கே கொண்டுபோக வேண்டாம்.

எடுத்துக்காட்டு நிலம் இலங்கையின் கிழக்கில் உள்ள அம்பாறை: பட்டிப்பளை ஆறு, இங்கினியாகல மலைவாய், அதற்கு மேலே சேனநாயக்க சமுத்திரம் என்ற பெரிய குளம். நம்முடைய இடம் என்பதற்காக மட்டும் இதை எடுக்கவில்லை. அணை கட்டுபவர் மாட்டிக்கொள்ளும் பொறிகள் ஏறக்குறைய எல்லாமே இந்த ஒரு நிலத்தில் இருக்கின்றன. உன்னிச்சை, நவகிரி, உறுகாமம் என்று வேறு குளத்தை எடுத்தாலும் வேலை இதேதான்.

தேக்கம் வேறு, மின்சாரம் வேறு

குளத்து நாட்டில் வளர்ந்தவருக்குத் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் செல்வம். சேனநாயக்க சமுத்திரம் ஏறத்தாழ 950 மில்லியன் கனமீற்றர் கொள்ளும், பழைய கணக்கில் 770,000 ஏக்கர் அடி. அத்தனை தண்ணீருக்கும் அடியில் உள்ள மின்நிலையம் 11 மெகாவாட் அளவுதான். வயலுக்கு விடும் தண்ணீரில் போகிற வழியில் எடுக்கும் மின்சாரம் அது. வேளாண்மை முதலாவது, மின் இரண்டாவது.

கேமில் வயலும் இல்லை, துருசும் இல்லை, திறந்து மூட வான்கதவும் இல்லை. அணை என்றால் ஆற்றுக்குக் குறுக்கே ஒரு சுவர். மேற்பக்கம் நிரம்பி, தண்ணீர் அணையைக் கடந்து விழும்போது மின்சாரம் வரும். எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது, எவ்வளவு உயரத்தால் விழுகிறது, இவை இரண்டையும் வைத்தே கணக்கு. பின்னால் எவ்வளவு தேங்கி நிற்கிறது என்பதற்கு அந்தக் கணக்கில் இடமில்லை. பெரிய குளம் கட்டினால் நிரம்பும் காலம் நீளும், மூழ்கும் நிலம் கூடும், மெகாவாட் கூடாது. அகலமான குளத்தைக் கண்டு ஆசைப்படாமல் ஒடுங்கிய, ஆழமான பள்ளத்தாக்கைத் தேடுங்கள்.

இன்னொரு ஏமாற்றமும் உண்டு. கேமில் பெய்யும் மழை காட்சிக்கு மட்டுமே, ஆற்று மட்டத்தை ஒரு சாணும் உயர்த்தாது. கார்த்திகை, மார்கழி என்று மாரியை நம்பிக் காத்திருக்க முடியாது. வரைபடம் செய்யும்போது நீங்கள் வைக்கும் நீரூற்று எவ்வளவு தருகிறதோ, ஆண்டு முழுக்க அவ்வளவுதான் வரத்து.

படி 1: நிலத்தை எடுத்தல்

வரைபடம் செய்யும் கருவியான மெப் எடிட்டரில் இறக்க வேண்டிய உயரப்படம் 1081 × 1081 புள்ளி கொண்ட, 16 பிட் சாம்பல் நிறப் பிஎன்ஜி கோப்பு. ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் இடையில் 16 மீற்றர். முழுப் படம் 17.28 கிலோமீற்றர் சதுரம். கறுப்பு 0 மீற்றர், முழு வெள்ளை 1024 மீற்றர்.

8 பிட்டில் சேமித்தால் கதை முடிந்தது. 256 படிகள்தான் இருக்கும், 1024 மீற்றரை அதால் பிரித்தால் ஒரு படிக்கு 4 மீற்றர். அம்பாறை வயல்வெளி போன்ற சமதரை முழுவதும் மாடிப்படியாகிவிடும், ஆறு படிக்குப் படி தங்கி நிற்கும். 16 பிட்டில் ஒரு மீற்றருக்கு 64 படி. படத்தைத் திருத்தும் மென்பொருள் சத்தமில்லாமல் 8 பிட்டுக்கு மாற்றிவிடுவது வழக்கம். சேமித்த பிறகு கோப்பின் விவரத்தைத் திறந்து பாருங்கள்.

அடுத்தது அளவு. 17.28 கிலோமீற்றரும் ஊர் கட்டக் கிடைக்காது. நிலம் 1.92 கிலோமீற்றர் பக்கமுள்ள சதுரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. நடுவில் உள்ள 25 சதுரம், அதாவது 9.6 கிலோமீற்றர் பக்கம், மட்டுமே வாங்கக் கூடியது. மொட் (கேமை மாற்றும் துணை நிரல்) ஏதும் போடாவிட்டால் அந்த 25இலும் 9தான். இங்கினியாகலவிலிருந்து அம்பாறை நகரம் வான்வழியில் 15 கிலோமீற்றருக்கு மேல். உண்மை அளவில் எடுத்தால் அணை ஒரு மூலையிலும் நகரம் இன்னொரு மூலையிலும், இரண்டும் கைக்கு எட்டாமலும் போகும்.

36 கிலோமீற்றர் சதுரத்தை எடுத்து 17.28க்குச் சுருக்குங்கள். கிடையளவில் இரண்டில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுருங்கும், உயரத்தைச் சுருக்க வேண்டாம். இங்கினியாகல – அம்பாறை தூரம் ஏழு, எட்டுக் கிலோமீற்றராகும். ஒரு கிலோமீற்றர் அளவுள்ள உண்மை அணைக்கட்டு அரைக் கிலோமீற்றராகும். ஆழம் அப்படியே இருக்க, பரப்பு நாலில் ஒன்றுக்குக் கீழே போவதால் நிரப்ப வேண்டிய கொள்ளளவு ஏறத்தாழ 220 மில்லியன் கனமீற்றராக இறங்கும். சரிவுகள் இரண்டு மடங்கு செங்குத்தாகத் தெரியும், மலைப்பக்கம் தெரு போட்டால் ஏற்றம் கூடும். அணைக்கு அது நல்லதே.

கடல்மட்டத்தை மறக்க வேண்டாம். கேமில் இயல்பான கடல்மட்டம் 40 மீற்றர். உண்மை நிலத்தின் ஒவ்வொரு உயரத்துக்கும் 40ஐக் கூட்டாமல் இறக்கினால் தாழ்ந்த நிலமெல்லாம் கடலுக்கடியில் போய்விடும்.

படி 2: தட்டையான குளத்தைத் தோண்டுதல்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும்தான் வாசிப்பேன் என்பவர் இதை வாசிக்கட்டும்.

இலவசமாகக் கிடைக்கும் உயரத் தரவுகளில் பெரும்பாலானவை 2000 பெப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து எடுத்த எஸ்ஆர்டிஎம் அளவீட்டிலிருந்து வந்தவை. ராடார் தண்ணீருக்குள் போகாது. அன்றைக்குக் குளத்தில் எந்த மட்டத்தில் தண்ணீர் நின்றதோ, அந்த மேற்பரப்பைத்தான் தரை என்று பதிந்திருக்கும். அதனால் உங்கள் படத்தில் சேனநாயக்க சமுத்திரம் ஒரு பெரிய தட்டை மேசையாக வரும். அதன் அடியில் இருந்த ஆற்றுப் பள்ளம் இராது. அந்த மேசையின் விளிம்பில் அணை வைத்தால் பின்னால் ஆழமே இருக்காது, தண்ணீர் மேசை முழுவதும் முழங்காலளவு பரவி, எங்கே தாழ்வோ அங்கே வழிந்து ஓடும்.

செய்ய வேண்டியது: எடிட்டரில் முதலில் ஆற்றின் பழைய தடத்தைக் கீறுங்கள். சரிவுக் கருவியால், அணைக்குக் கீழே ஆற்றுப் படுகை உள்ள உயரத்திலிருந்து தொடங்கி மேற்கே போகப் போகச் சிறிது சிறிதாக உயரும்படி ஒரு வாய்க்காலை இழுங்கள். கிலோமீற்றருக்கு 4 முதல் 6 மீற்றர் ஏற்றம் போதும். பிறகு இரு பக்கமும் தரையைத் தாழ்த்தி, மென்மையாக்கும் கருவியால் விளிம்பைத் தேய்த்து, பள்ளத்தாக்காக்குங்கள். முழுக் குளத்தையும் தோண்டத் தேவையில்லை. அணைக்குப் பின்னால் உள்ள மலைவாயும் அதற்கு மேலே ஒன்றிரண்டு கிலோமீற்றரும் ஆழமாக இருந்தால் போதும். மற்றப் பரப்பை 10, 15 மீற்றர் உயர்த்திக் காடாக்கிவிடுங்கள். நிரப்ப வேண்டிய தண்ணீர் இன்னும் குறையும். குளத்தின் உண்மை உருவம் கெடுகிறதே என்று மனம் கேட்காதவர், காத்திருக்கும் காலத்தை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

குளக்கட்டும் படத்தில் ஒரு மேடாக வந்திருக்கும். கேம் அணையை அதன் மேல் வைக்க முடியாது. கட்டின் நடுப்பகுதியை ஆற்றுப் படுகை வரை வெட்டி எடுங்கள், இரண்டு பக்க மலைத் தோளையும் மட்டும் விடுங்கள். மட்டப்படுத்தும் கருவியில் வலது சொடுக்கால் ஓர் இடத்தின் உயரத்தை எடுத்து மற்ற இடத்தில் பூசலாம். இரண்டு தோள்களிலும் அணையின் நுனி அமரும் இடத்தை அப்படி ஒரே உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒரு பக்கம் 6 மீற்றர் தாழ்ந்திருந்தால் அந்தப் பக்கத்தால் தண்ணீர் அணையைச் சுற்றிக்கொண்டு போகும்.

படி 3: நீரூற்றும் வெளிவாசலும்

வரைபடத்தின் மேற்கு ஓரத்தில், ஆறு உள்ளே வரும் இடத்தில், நீரூற்று ஒன்றை வையுங்கள். அதற்கு இரண்டு அமைப்பு உண்டு: எவ்வளவு வேகமாகத் தருவது, எந்த உயரம் வரை தருவது. இரண்டாவதைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஊற்றைச் சுற்றி நீர்மட்டம் அந்த உயரத்தைத் தொட்டதும் ஊற்று நின்றுவிடும். ஊற்று 100 மீற்றரில், அணையின் தலை 105 மீற்றரில் என்றால் குளம் 100இல் நின்றுபோகும். அணையைத் தாண்டி ஒரு சொட்டும் விழாது, மின்சாரமும் காலம் முழுக்க பூச்சியமே. ஊற்றின் உயரம் அணைத் தலையை விடக் குறைந்தது 10 மீற்றர் மேலே இருக்கட்டும். அதற்கு ஊற்று உள்ள இடத்தில் ஆற்றுப் படுகையும் அதற்கேற்ப உயரமாக இருக்க வேண்டும். தாழ்ந்த இடத்தில் உயர்ந்த ஊற்று வைத்தால் அங்கேயே ஒரு ஏரி கட்டிக்கொண்டு பக்கவாட்டில் பரவும்.

வேகத்தைச் சிறிதாகத் தொடங்குங்கள். ஆறு தன் கரைக்குள், பாதி ஆழத்தில் ஓடும் அளவு போதும். அணை வைத்த பின் வேகத்தைக் கூட்ட முடியாது, எடிட்டருக்குத் திரும்பிப் புதிய ஊரில்தான் தொடங்க வேண்டும் என்பதால் இங்கே பொறுமை வேண்டும்.

கிழக்கு ஓரத்தில் ஆறு வெளியேறும் இடத்தைக் கடைசி அரைக் கிலோமீற்றருக்கு 40 மீற்றருக்குக் கீழே தோண்டி, ஒரு கடல் கீற்று வரும்படி விடுங்கள். வாயின் அகலம் ஆற்றின் அகலத்தைப் போல இரண்டு மடங்காவது இருக்கட்டும். மட்டக்களப்பில் பாலமீன்மடு முகத்துவாரம் மணல் மேடிட்டால் வாவிக்கரை ஊர்களுக்குள் என்ன நடக்கும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வாய் ஒடுங்கினால் கேமிலும் அதேதான்: அணையின் முதல் வெள்ளம் வெளியேற முடியாமல் பின்னுக்கு ஏறி நகரத்தில் நிற்கும்.

படி 4: மண்கட்டுப் பரிசோதனை

அணையை எடிட்டரில் கட்ட முடியாது. ஆனால் அது எந்த நிலத்தை விழுங்கும் என்று முன்கூட்டியே பார்க்கலாம்.

1. வரைபடத்தை வேறு பெயரில் ஒரு பிரதியாகச் சேமியுங்கள். மண்கட்டைப் பிறகு அழித்துச் சரிசெய்யப் பார்ப்பதை விடப் பழைய கோப்புக்குத் திரும்புவது எளிது.
2. அணை வரவேண்டிய கோட்டில், இரண்டு தோள்களையும் இணைத்து, அதே உயரத்துக்கு மண்ணை உயர்த்துங்கள். தடிப்பு மூன்று, நான்கு புள்ளி, அதாவது 50, 60 மீற்றர்.
3. குளத்துக்குள் தற்காலிக ஊற்று ஒன்றை, கட்டின் தலையை விட ஒரு மீற்றர் மேலே வைத்து, வேகத்தை உச்சத்துக்குக் கூட்டி ஓட விடுங்கள்.
4. நிரம்பியதும் மேலிருந்து ஒரு படம் பிடியுங்கள். அதுதான் உங்கள் குளக்கரை. அந்தக் கோட்டுக்குள் தெருவும் வேண்டாம், வீடும் வேண்டாம்.
5. நிரம்பும்போது மலைகளுக்குப் பின்னால் ஒரு சுற்று பாருங்கள். தண்ணீர் வேறெங்காவது வழிகிறதா?

ஐந்தாவதே இந்தப் பரிசோதனையின் உயிர். இங்கினியாகலவைச் சுற்றி உள்ள குன்றுகளுக்கிடையே தாழ்ந்த இடைவெளிகள் உண்டு, தரவின் கரடுமுரடில் அவை இன்னும் தாழ்ந்துபோகும். அணைத் தலையை விட ஒரேயொரு இடைவெளி இரண்டு மீற்றர் தாழ்ந்திருந்தாலும் ஆறு முழுவதும் அந்த வழியாகத் திரும்பிவிடும். அணை உலர்ந்து நிற்கும், மின் வராது, நீங்கள் எதிர்பாராத பள்ளத்தாக்கில் ஒரு புது ஆறு ஓடும். அப்படிப்பட்ட இடைவெளிகளை அணைத் தலையை விட 8 மீற்றராவது உயர்த்தி அடையுங்கள். பிறகு பழைய கோப்பைத் திறந்து அதே திருத்தங்களைச் செய்யுங்கள். இந்த வேலையை இப்போதே முடிக்க இன்னொரு காரணமும் உண்டு. குளம் வாங்காத சதுரங்களுக்குள்ளும் தாராளமாகப் பரவும், ஆனால் வாங்காத நிலத்தில் விளையாட்டின்போது மண்ணைத் தொட முடியாது.

படி 5: அணைக்கு முன்னால் ஊர்

ஊரை அணையோடு தொடங்காதீர்கள். முதல் சில ஆயிரம் மக்களைக் காற்றாலையிலும் நிலக்கரியிலும் நடத்துங்கள். பரிசோதனைக்கு மட்டும் ஆடுபவர் கேமோடு வரும் அளவற்ற பணம், எல்லாம் திறந்த நிலை என்ற இரண்டு மொட்களையும் போட்டுக்கொள்ளலாம். சாதனைப் பதக்கங்கள் கிடைக்காது, அவ்வளவுதான்.

வாங்கும் 9 சதுரங்களில் அணைக் கோடு அமையும் சதுரமும் அங்கிருந்து நகரம் வரையான தொடரும் இருக்க வேண்டும். மின்கம்பி வாங்காத நிலத்தைக் கடக்காது. நகரத்தை அம்பாறை இருக்கும் அதே இடத்தில் வைத்தால் நடுவில் நான்கைந்து சதுரம் செலவாகும். கொண்டவட்டவான் பக்கமாக மேற்கே தள்ளித் தொடங்கினால் ஒன்றிரண்டு மிஞ்சும்.

அணை வைக்கும் நாளுக்கு முன் மூன்று வேலைகள் முடிந்திருக்க வேண்டும்.

முதலாவது குடிநீர். அணை வைத்த கணமே கீழ்ப்பக்க ஆறு வற்றத் தொடங்கும். ஆற்றில் நீரேற்று நிலையம் வைத்திருந்தால் அது வாரத்துக்கு 120,000 கனமீற்றர் தருவது, சில நாட்களில் ஒன்றும் தராமல் நிற்கும். அதற்கு முன்பே தரையில் நீர்க்கோபுரங்களை எழுப்புங்கள். ஒரு கோபுரம் 60,000 தரும், ஒரு நிலையத்துக்கு இரண்டு கோபுரம் என்று கணக்கு. மாசுபட்ட மண்ணில், தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம், ஊரே நோயில் விழும்.

இரண்டாவது கழிவுநீர். குழாயின் வாய் ஒருபோதும் அணைக்கு மேலே இருக்கக் கூடாது. ஓடும் ஆறு கழிவைக் கொண்டுபோய்விடும், தேங்கிய குளம் அதை வைத்துக்கொள்ளும். ஒரு கழிவுக் குழாய் போதும், குளம் முழுவதும் பழுப்பு நிறமாகிவிடும். அணைக்கு உடனே கீழேயும் வேண்டாம். நிரம்பும் காலத்தில் படுகை வற்றிக் கிடக்க, கழிவு மட்டும் குட்டையாக நிற்கும். நகரத்தையும் தாண்டி, கடல் கீற்றுக்குக் கிட்டக் கொண்டுபோங்கள்.

மூன்றாவது கரை. இதைப் படி 7இல் பார்ப்போம். இப்போதைக்கு ஒன்று: ஆற்றின் இரு கரையிலும் 80 மீற்றருக்குள், அதாவது 10 கட்டத்துக்குள், வீட்டு வலயம் வேண்டாம்.

படி 6: அணையை வைத்தல், நிரப்புதல்

கேமை நிறுத்தி வைத்து, சேமியுங்கள். இந்தச் சேமிப்பை அழிக்காதீர்கள்.

ஒரு தோளில் தொடங்கி மறு தோள் வரை இழுக்கும்போது ஒரு மெகாவாட் மதிப்பீடு தெரியும். அது அந்த நேரத்து ஓட்டத்தையும் அந்தக் கோட்டின் உயரத்தையும் வைத்துச் சொல்வது. ஆறு அலைபாயும்போது எண்ணும் குதிக்கும். சுட்டியை அதே இடத்தில் அரை நிமிடம் பிடித்து, காட்டிய எண்களில் மிகக் குறைந்ததை எழுதிக்கொள்ளுங்கள். அதில் பாதியை மட்டும் நம்பித் திட்டமிடுங்கள். கோட்டை 30, 40 மீற்றர் மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள், சில இடத்தில் அணை குறுகி எண் கூடும். ஆற்றோட்டத்துக்குச் செங்குத்தாக இருப்பது நல்லது.

வைத்தபின் மின்கம்பியை இழுத்து ஊரோடு இணையுங்கள். அணை பூச்சியம் காட்டும். பிழையில்லை.

நிரம்புவது எவ்வளவு காலம் என்று அறிய, வாங்கிய சதுரத்துக்குள் உள்ள குளச்சரிவில் துண்டு துண்டாகக் கிரவல் தெருக்களை வெவ்வேறு உயரத்தில் போட்டு வையுங்கள். எந்தத் துண்டு எந்த மாதம் மூழ்கியது என்று குறித்தால் வேகம் தெரியும். அந்த வேகத்தை அப்படியே நீட்டிக் கணக்குப் போடாதீர்கள். பள்ளத்தாக்கு மேலே போகப் போக விரியும், கடைசி 5 மீற்றர் ஏறப் பிடிக்கும் காலம் அதற்கு முந்திய 15 மீற்றருக்குப் பிடித்ததை விடக் கூடலாம். பொறுமை இழந்து அணையை இடித்துவிட்டு வேறிடத்தில் கட்டும் தவறு இங்கேதான் நடக்கிறது.

இந்தக் காலத்தில் குளத்திலிருந்து நீரேற்ற வேண்டாம். மூன்று, நான்கு நீரேற்று நிலையங்கள் மேற்பக்கத்தில் இருந்தால், வரத்துச் சிறிய ஆற்றில் குளம் ஏறாமலே நிற்கும்.

படி 7: முதல் வான் பாய்ச்சல்

நம் ஊரில் குளம் நிரம்பி வழிந்து வான் பாய்கிறது என்றால் பார்க்கச் சனம் திரளும். கேமில் அந்த நாளில்தான் ஊர் அழியும். காரணம் அணை உடைவதல்ல. மாதக்கணக்காகக் கீழே படுகை வற்றிக் கிடந்தது. திடீரென்று விழும் தண்ணீருக்கு முன்னால் எந்த ஆழமும் இல்லை, அதனால் அது சுவர் போன்ற ஒரு அலையாக ஓடும். வளைவு வரும் இடத்தில் வெளிக்கரையில் ஏறும். நிதானமாக ஓடும் ஆற்றுக்குப் போதுமான கரை இந்த அலைக்குப் போதாது.

- ஆறு வளையும் ஒவ்வொரு இடத்திலும் வெளிப்பக்கக் கரையில் வெள்ளத்தடுப்புச் சுவரோ கற்கரையோ போடுங்கள். உட்பக்கத்துக்குத் தேவை குறைவு.
- நகரத்துக்கு மேலே, ஆற்றோரம் 200, 300 மீற்றர் நீளத்துக்கு நிலத்தை 3 மீற்றர் தாழ்த்தி வெறும் புல்வெளியாக விடுங்கள். அலை முதலில் அங்கே பரவி வேகம் குறையும். தோண்டும் மண்ணைக் கரையை உயர்த்தப் பயன்படுத்தினால் மண் கணக்கும் சரியாகும்.
- தாழ்ந்த பாலங்களை உயர்த்துங்கள். தெரு மூழ்கினால் குப்பை வண்டியும் அம்புலன்ஸும் நின்று, வெள்ளம் வடிந்த பிறகும் ஊர் நாறும்.
- கடைசிக் கிரவல் தெரு மூழ்கியதும் மீண்டும் சேமியுங்கள். விளையாட்டு வேகத்தை மிகக் குறைந்ததில் வையுங்கள்.

அலை கடந்த பின் ஆறு கொஞ்சக் காலம் ஏறியிறங்கும், மெகாவாட்டும் அதோடு ஆடும். ஒரு விளையாட்டு ஆண்டாவது பார்த்து, மிகக் குறைந்த எண்ணையே அணையின் பலம் என்று வையுங்கள்.

இப்போதுதான் மிஞ்சிய தண்ணீர் வழிந்து போகப் பாதுகாப்பு வான் வெட்டும் நேரம். குளத்தின் நீர்மட்டம் நிலைத்த பிறகு, அந்த மட்டத்துக்கு 2, 3 மீற்றர் மேலே, நகரத்துக்கு எதிர்ப்பக்கம் போகும் ஒரு இடைவெளியைத் தேர்ந்து அதுவரை தாழ்த்துங்கள். நிலைத்த மட்டத்துக்குக் கீழே ஒரு மீற்றர் தாழ்த்திவிட்டாலும் ஓட்டம் முழுவதும் வானால் போய் அணை பூச்சியமாகும். உண்மைக் குளத்தில் வானைத் தாழ்வாக வைப்பது புத்திசாலித்தனம், இங்கே மின்சாரத்தையே தானம் செய்வதாகும்.

நடத்தும்போது

மொத்தத் தேவையில் பாதிக்கு மேல் அணையிடம் விடாதீர்கள். மின் குறைந்தால் முதலில் நிற்பவற்றில் நீரேற்று நிலையமும் ஒன்று. தண்ணீர் நின்றால் வீடுகள் காலியாகும், வரி குறையும், புது ஆலை கட்டக் காசு இராது. இந்தச் சங்கிலியை அறுக்க, இரண்டு நிலக்கரி ஆலைகளை விற்காமல் வைத்திருங்கள். அணை நன்றாக ஓடும் காலத்தில் மின் துறைப் பட்ஜெட்டைக் குறைக்கலாமா என்றால், அந்தச் சறுக்குமானி அணையையும் சேர்த்தே குறைக்கும். ஆலையை மட்டும் தனியே நிறுத்தி வையுங்கள்.

மெகாவாட் மெல்ல மெல்ல இறங்கினால் முதலில் மேற்பக்க நீரேற்று நிலையங்களை எண்ணுங்கள். ஊர் வளர வளர அவை கூடுதலாக உறிஞ்சும். அவற்றைக் கீழ்ப்பக்கத்துக்கு மாற்றினால் அதே தண்ணீர் முதலில் மின் தந்துவிட்டுப் பிறகு குழாய்க்குப் போகும். திடீரென்று இறங்கினால் இடைவெளி ஏதாவது ஒன்றில் கசிவு. நீர்த் தகவல் பார்வையில் ஓட்டத்தின் அம்புக்குறிகள் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்று பாருங்கள், அணையை விட்டு விலகிப் போகும் அம்பே விடை. எண் இறங்காமல், கீழ்ப்பக்க நீர்மட்டம் மட்டும் ஏறிக்கொண்டு வந்தால் வெளிவாசல் ஒடுங்கிவிட்டது. விழும் உயரம் குறைவதால் நாளடைவில் மின்சாரமும் குறையும்.

ஒரே ஆற்றில் இரண்டாவது அணை? செய்யலாம், மேலே கட்டியது நிலைத்த பிறகு மட்டும். கீழ் அணையின் குளம் மேல் அணையின் அடியைத் தொட்டால், கீழே கிடைப்பதை மேலே இழப்பீர்கள்.

அணையை எடுக்க வேண்டி வந்தால்

நிரம்பிய குளத்தோடு அணையை ஒருபோதும் இடிக்காதீர்கள். அந்த ஒரு சொடுக்கில் பள்ளத்தாக்கில் நிற்கும் அத்தனை தண்ணீரும் ஒரே அலையாக இறங்கும், எந்தத் தடுப்புச் சுவரும் அதன் முன் நிற்காது. முதலில் பாதுகாப்பு வானை எடுத்துக்கொள்ளுங்கள். அதை 2 மீற்றர் தாழ்த்தி, குளமட்டம் இறங்கி நிற்கும் வரை விடுங்கள். மீண்டும் 2 மீற்றர். வான் ஆறு போகும் பள்ளத்தாக்கில் தெருவோ தண்டவாளமோ இருந்தால் ஒரு மீற்றராகக் குறையுங்கள். வானின் அடி, அணைக்குப் பின்னுள்ள படுகையிலிருந்து 4, 5 மீற்றர் உயரத்துக்கு வந்துவிட்டால் மிச்சத் தண்ணீரால் பெரிய ஆபத்தில்லை. மேற்பக்கம் நீரேற்று நிலையம் வைத்திருந்தால் அதற்கு மாற்றாகக் கோபுரங்களை எழுப்பி, சேமித்து, பிறகு இடியுங்கள்.